மினியேச்சர் வண்டிக்கு எந்தக் கண்ணாடி, எந்தப் பூச்சு?

பஸ் மினியேச்சர் செய்பவர்களும் கார் கிட் ஒட்டுபவர்களும் அதிகம் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஜன்னலுக்கு என்ன போடுவது? பெயின்ட்டை எப்படி ஏற்றுவது? பாடி அளவு பிசகாமல் வந்திருக்கும், சக்கரம் நேராக நிற்கும், உள்ளே சீட்டுகூட வரிசையாக இருக்கும். ஆனாலும் வண்டியைத் தூக்கிப் பார்த்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் கண்ணாடி தடியாக இருக்கும், இல்லையென்றால் பெயின்ட் தடியாக இருக்கும்.

எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. 1/24 பஸ்ஸுக்கு (நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு அளவு) பிரமாதமாக அமைவது 1/76 டபுள் டெக்கரைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் எதை வைத்து முடிவெடுப்பது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பொருளாக எடுத்துக்கொள்வோம். கண்ணாடியையும் பூச்சையும் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு எடுத்த முடிவு இன்னொன்றை நாசமாக்கும் வாய்ப்பு இந்த வேலையில் மிக அதிகம்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

தடிமன். நிஜக் காரின் முன் கண்ணாடி ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன் இருக்கும். பக்கக் கண்ணாடி 3 முதல் 4 மி.மீ. இந்த 5 மி.மீ.யை அளவுகோலால் வகுத்துப் பாருங்கள். 1/24-இல் 0.2 மி.மீ., 1/43-இல் 0.12 மி.மீ., 1/76-இல் 0.07 மி.மீ.க்கும் குறைவு. கிட்டோடு வரும் தெளிவான பிளாஸ்டிக் பாகம் பல சமயம் 1 மி.மீ. தடிமன் இருக்கும். 1/24-இல் அது 24 மி.மீ. கண்ணாடிக்குச் சமம். குண்டு துளைக்காத காருக்குத்தான் அந்தத் தடிமன் தேவை.

விளிம்பு தெரிகிறதா? என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. பஸ்ஸில் பாதி தள்ளிவைத்த ஸ்லைடிங் கண்ணாடி, காரில் பாதி இறக்கிய கதவுக் கண்ணாடி, இங்கெல்லாம் விளிம்பு வெளியே தெரியும். அங்கே தடிமன் தப்பினால் மறைக்க வழியே இல்லை. நான்கு பக்கமும் பீடிங்குக்குள், அதாவது கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டைக்குள், அடங்கிய முன் கண்ணாடியில் விளிம்பு தெரியாது. அங்கே வெளிச்சம் எப்படிப் பட்டுத் திரும்புகிறது, உள்ளே இருப்பது வளைந்து நெளியாமல் தெரிகிறதா என்பதுதான் கண்ணில் படும்.

தட்டையா, வளைவா? ஒரே திசையில் வளைந்த கண்ணாடிக்கு மெல்லிய ஷீட்டை வளைத்துப் பொருத்திவிடலாம். இரண்டு திசையிலும் வளைந்திருந்தால் எந்த ஷீட்டும் வளைந்து கொடுக்காது, மடிப்பு விழும். வார்த்தது அல்லது சூட்டில் இழுத்ததுதான் அதற்குச் சரி.

பார்க்கும் தூரம். கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் 1/43 கார், நிஜத்தில் 17 மீட்டர் தொலைவில் நிற்கும் காருக்குச் சமம். 1/76 என்றால் 30 மீட்டர். அவ்வளவு தூரத்தில் நிஜ வண்டியில் எது தெரியும், எது தெரியாது என்று தெருவில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊர் காற்று. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம். வெளிநாட்டு வீடியோவில் தெளிவாகக் காயும் பசை இங்கே பால் நிறத்துக்குப் போகும். வார்னிஷ் வெளுக்கும். சூப்பர் குளூ ஆவி ஜன்னலில் வெள்ளையாகப் படியும்.

கழற்ற முடியுமா? ஐந்து வருடம் கழித்துக் கண்ணாடி மஞ்சளானால் மாற்ற வழி இருக்க வேண்டும்.

## கண்ணாடிக்கு ஐந்து வழிகள்

| பொருள் | தடிமன் | எந்த வடிவத்துக்கு | பின்னால் வரும் செலவு | எங்கே நல்லது |
|---|---|---|---|---|
| ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஷீட், பைண்டிங் ஷீட் | சுமார் 0.1 முதல் 0.25 மி.மீ. | தட்டை, ஒரு திசை வளைவு | கீறல், அலை அலையான பிரதிபலிப்பு | பஸ், வேன், லாரி |
| மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப் | 0.13 முதல் 0.19 மி.மீ. | தட்டை மட்டும் | உடைசல், வெட்டும் கருவி | 1/43, 1/24 ஜீப் |
| வெள்ளைப் பசை | தானாக அமைவது | மிகச் சிறிய ஜன்னல் | ஈரத்தில் மங்கும் | 1/76, 1/87 |
| கிட்டின் தெளிவான பாகம் | சுமார் 1 மி.மீ. | எந்த வளைவும் | பாலிஷ் போடும் நேரம் | வளைந்த முன் கண்ணாடி |
| சூட்டில் இழுத்த ஷீட் | 0.2 முதல் 0.4 மி.மீ. | எந்த வளைவும் | அச்சு செய்யும் உழைப்பு | கிட்டில் கண்ணாடி இல்லாதபோது |

### ஓ.எச்.பி. ஷீட்டும் பைண்டிங் ஷீட்டும்

ஃபாரெக்ஸ் ஷீட்டில் (லேசான நுரை பி.வி.சி. அட்டை) பஸ் செய்பவர்களில் பெரும்பாலானோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், காரணத்தோடுதான். எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும், கத்தரிக்கோலில் வெட்டலாம், கெட்டுப்போனால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். ஓ.எச்.பி. ஷீட் ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். 1/43-க்கு அது கிட்டத்தட்டச் சரியான தடிமன். ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலே போடும் தெளிவான ஷீட் அதைவிடத் தடி என்பதால் 1/24 பஸ்ஸுக்குப் பொருந்தும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்க்ஜெட் பிரின்டருக்கென்று விற்கும் ஷீட்டில் ஒரு பக்கம் சொரசொரப்பான பூச்சு இருக்கும், அது மங்கலாகத் தெரியும். லேசர் பிரின்டருக்கும் ஜெராக்ஸுக்கும் உள்ள ஷீட் இரண்டு பக்கமும் தெளிவு. அந்த லேசர் ஷீட்டால் இன்னொரு பெரிய லாபம் உண்டு. முன் கண்ணாடியின் கறுப்பு பீடிங், மேலே எழுதும் பஸ்ஸின் பெயர், பின் கண்ணாடி எழுத்து எல்லாவற்றையும் அளவெடுத்து வரைந்து அதிலேயே பிரின்ட் எடுத்துவிடலாம். கையால் வரைந்தால் இந்த நேர்த்தி வராது. ஒரு குறை, டோனர் கறுப்பு வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ஊடுருவித் தெரியும். உள்பக்கம் பீடிங் வரும் இடத்தில் மட்டும் கறுப்பு அக்ரிலிக் ஒரு கோட் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதில் இருக்கும் பெரிய பிரச்சினை பிரதிபலிப்பு. நிஜக் கண்ணாடியில் மின்கம்பமோ கட்டடமோ நேர்கோடாகத் தெரியும். ஷீட் லேசாகத் தொய்ந்தாலும் அந்தக் கோடு அலை பாயும், பார்ப்பவருக்குப் பிளாஸ்டிக் என்று உடனே புரிந்துவிடும். நீளமான பஸ் பக்கத்துக்கு முழு ஷீட்டையும் ஒரே துண்டாக உள்ளே ஒட்டுவது இதனால்தான் சரிப்படாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித் துண்டு வெட்டி, நிஜ பஸ்ஸில் இருப்பதுபோல ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஒரு நூல் அளவு தள்ளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் வெளிச்சம் வேறு கோணத்தில் திரும்பும். நேரம் மூன்று மடங்கு ஆகும், ஆனால் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெட்டிய விளிம்பு வெள்ளையாகப் பளிச்சிடும். மெல்லிய கறுப்பு மார்க்கரை விளிம்பில் ஓட்டிவிட்டால் அது மறையும். ஸ்லைடிங் கண்ணாடியின் திறந்த விளிம்புக்குக் கறுப்பு வேண்டாம், பச்சை மார்க்கரை லேசாகத் தொடுங்கள். சாதாரணக் கண்ணாடியில் இரும்புக் கலப்பு இருப்பதால் அதன் விளிம்பு பச்சையாகத்தான் தெரியும்.

பழைய அசிடேட் ஷீட் கையில் இருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. வருடங்கள் போகப் போக அது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், மஞ்சளும் ஆகும். பாலியெஸ்டர் ஷீட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

### மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப்

கண்ணாடிக்குக் கண்ணாடியையே வைப்பது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு இது. லேப் சாமான் விற்கும் கடைகளில் கவர் ஸ்லிப் என்று கேட்டால் கொடுப்பார்கள். நம்பர் 1 என்பது 0.13 முதல் 0.16 மி.மீ., நம்பர் 1.5 என்பது 0.16 முதல் 0.19 மி.மீ. 1/43-க்கும் 1/24-க்கும் நடுவில் கச்சிதமாக வந்து உட்காரும் தடிமன். பிரதிபலிப்பு நேராக இருக்கும், கீறல் விழாது, மஞ்சளாகாது. அருகருகே வைத்துப் பார்த்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஈடில்லை.

ஆனால் தட்டையான ஜன்னலுக்கு மட்டும்தான். வில்லீஸ் ஜீப்புக்கு இது அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். 1947-இலிருந்து மஹிந்திரா நிறுவனம் மும்பையில் பூட்டித் தந்த அந்த ஜீப்பின் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள்தான். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கிடைப்பது 18 மி.மீ., 22 மி.மீ. சதுரம். 22 மி.மீ. என்பது 1/43-இல் 95 செ.மீ.க்குச் சமம், ஜீப்பின் பாதிக் கண்ணாடிக்குத் தாராளம். 1/24-இல் அதே 22 மி.மீ. 53 செ.மீ. மட்டுமே. பெரிய துண்டு வேண்டுமென்றால் 22×50 மி.மீ. ஸ்லிப் தேட வேண்டும்.

வெட்டுவதற்கு வைர முனை அல்லது கார்பைடு முனை எழுதுகோல் தேவை. தடியான கண்ணாடி ஸ்லைடின் மேல் வைத்து, ஸ்கேல் பிடித்து, அழுத்தாமல் ஒரே இழுப்பு. இரண்டாம் முறை அதே கோட்டில் இழுத்தால் கோணலாக உடையும். நான்கு வெட்டினால் இரண்டு வீணாகும் என்று கணக்கு வைத்தே வாங்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறிக்கும் சில்லு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. குழந்தைகள் கை வைக்கும் மேஜையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஃபாரெக்ஸ் பாடி லேசாக முறுக்கிக்கொண்டாலும் ஸ்லிப் விரிசல் விடும், கூரியரில் அனுப்பும் மாடலுக்கும் ஆகாது. விறைப்பான உலோக பாடி, வீட்டு அலமாரியில் நிற்கப்போகும் வண்டி என்றால் தயங்காமல் போடுங்கள்.

### வெள்ளைப் பசை

ஜன்னல் ஓட்டையின் விளிம்பில் பசையைத் தடவி, பல்குத்தும் குச்சியால் இழுத்து ஒரு படலமாக மூடுவது. காய்ந்ததும் தெளிவாகும். மாடல் கடைகளில் இதற்கென்றே மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் கிறிஸ்டல் கிளியர் கிடைக்கும். வெள்ளை ஃபெவிகாலிலும் செய்யலாம், லேசான பால்நிறம் தங்கும்.

5 மி.மீ.க்கு மேல் அகலம் போனால் நடுவில் குழி விழுந்து உருப்பெருக்கி மாதிரி உள்ளே இருப்பதை நெளிக்கும். அதனால் 1/76 டபுள் டெக்கரின் சின்ன மேல்தட்டு ஜன்னல், 1/43 அம்பாசடரின் முன் கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடி, இந்த மாதிரி இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் படலம் மெதுவாக மங்குவது உண்டு. சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டிக்குள் வைத்தால் தாக்குப்பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் ஈரத் துணியால் நனைத்து எடுத்துவிட்டு மறுபடி போடலாம், அது இதன் நல்ல குணம்.

### கிட்டின் தெளிவான பாகம்

தடி என்று சொன்னேன், ஆனாலும் இரண்டு திசையும் வளைந்த முன் கண்ணாடிக்கு இதை எளிதில் ஒதுக்க முடியாது. அச்சில் வார்த்த வளைவு பாடியோடு அப்படியே பொருந்தும். விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரிவாகத் தேய்த்துவிட்டால் வெளியிலிருந்து பார்க்கும்போது தடிமன் பாதியாகத் தெரியும்.

கீறலுக்கு 2000 வாட்டர் பேப்பரில் தொடங்கி, 4000, 8000, 12000 மைக்ரோமெஷ் (மிக நுண்ணிய தேய்ப்புத் துணி) என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கார் ஹெட்லைட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பாலிஷ் ஒரு சொட்டு போதும். டூத் பேஸ்ட் நல்லது என்று சொல்வார்கள், ஆனால் பேஸ்ட்டுக்குப் பேஸ்ட் துகள் அளவு மாறும், அதை நம்ப வேண்டாம். பாலிஷ் ஆனபின் தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முக்கியெடுத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடிக் காயவிட்டால் மெல்லிய கீறலெல்லாம் நிரம்பிவிடும். அந்தப் படலம் சூப்பர் குளூ ஆவியிலிருந்தும் ஓரளவு காப்பாற்றும்.

1/64 டைகாஸ்ட் (உலோகத்தில் வார்த்த) கார்களில் எல்லா ஜன்னலும் ஒரே வார்ப்பாக, கூரைக்கு அடியில் ஒட்டி இருக்கும். அடித்தட்டு ரிவெட்டைத் துளைத்துத் திறந்தால் முழுதாக வெளியே வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷீட் வெட்டி வைக்கும் எண்ணம் வேண்டாம். பாலிஷ் போட்டு, பில்லர் வரும் இடங்களில் கறுப்பு அடித்தாலே அந்த அளவில் அழகாக நிற்கும்.

### சூட்டில் இழுத்த ஷீட்

கிட்டில் கண்ணாடி தொலைந்துவிட்டது, அல்லது பாடியையே நீங்கள் கையால் செய்திருக்கிறீர்கள், முன்பக்கம் உருண்டையாக இருக்கிறது. அப்போது வேறு வழியில்லை. மரத்திலோ எபாக்ஸி பட்டியிலோ அச்சு செய்து, அதைக் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தேய்த்து, சூடாக்கிய ஷீட்டை மேலே இழுக்க வேண்டும். அச்சில் இருக்கும் ஒரு கீறல்கூட ஷீட்டில் பதியும். ஷீட்டின் தடிமன் அளவுக்கு அச்சைச் சிறிதாகச் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் வெளிவரும் கண்ணாடி பாடிக்குள் நுழையாது.

சாதாரண பெட் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் வெள்ளையாகிவிடும், தண்ணீர் பாட்டிலைத் தீயருகே காட்டினால் நடப்பதுதான். பெட்-ஜி ஷீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நாலைந்து வண்டி ஒரே மாடலில் செய்யப்போகிறவருக்கு இந்த உழைப்பு தகும். ஒரே ஒரு வண்டிக்கு என்றால் வேறொரு கிட்டின் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

## எதால் ஒட்டுவது?

நல்ல கண்ணாடியைக் கெடுப்பது பெரும்பாலும் பசைதான். சூப்பர் குளூ காயும்போது எழும் ஆவி, பக்கத்தில் இருக்கும் பரப்பின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படியும். தடயவியல் ஆய்வகங்களில் விரல்ரேகையைத் தெரியவைப்பதற்கு இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கைரேகை பட்ட ஜன்னலை மூடிய பாடிக்குள் வைத்துச் சூப்பர் குளூ போட்டால் அந்த ரேகை உள்பக்கத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

பிளாஸ்டிக் சிமென்ட், பாலிஸ்டைரீன் கண்ணாடியை உருக்கி விரிசல் வலை உண்டாக்கும். ஓ.எச்.பி. ஷீட்டில் அது ஒட்டவே ஒட்டாது. வெள்ளைப் பசையைக் குச்சி முனையில் எடுத்து விளிம்பில் மட்டும் தொட்டு ஒட்டுவது மெதுவான வேலை, பிடிப்பும் குறைவு. ஆனால் வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம், வருடங்கள் கழித்துக் கழற்றலாம். வளைத்து வைத்த ஷீட் நிமிரப் பார்த்து வெள்ளைப் பசையை உதறிவிடும். அங்கே மட்டும் இரண்டு பொருள் கலக்கும் தெளிவான எபாக்ஸியை, பீடிங்குக்குள் மறையும் மூலைகளில் ஒவ்வொரு புள்ளி வையுங்கள்.

## கறுப்புக் கண்ணாடி வேண்டுமா?

உள்வேலை செய்யச் சோம்பல்பட்டு ஜன்னலை இருட்டாக்கிவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. இந்திய வண்டி என்றால் எந்த வருடத்து வண்டி என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்களில் சன் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. 2005-இல் ஓடிய ஸ்கார்ப்பியோவைச் செய்கிறவர் கறுப்பு ஃபிலிம் போட்டால் அது காலத்துக்குப் பொருந்தும். 2015 கார் கருகருவென்று நின்றால் வண்டி தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் புகை நிறம் ஒரு துளி கலந்து உள்பக்கம் அடித்தால் அளவான நிழல் வரும்.

## பூச்சுக்கு என்ன வழி?

கண்ணாடிக்குச் சொன்ன அதே கணக்கு இங்கேயும் உண்டு. கார் தொழிற்சாலையில் ஏறும் பெயின்ட், பிரைமர் முதல் கிளியர் வரை எல்லாம் சேர்த்து 0.1 முதல் 0.15 மி.மீ. 1/43-இல் அதை அப்படியே சுருக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எந்தக் கருவியாலும் அது முடியாது. அதனால் கதவு இடுக்கு மூடாமல், கைப்பிடி மழுங்காமல், எழுத்து முனை உருளாமல் எவ்வளவு மெல்லியதாக ஏற்ற முடிகிறது என்பதே அளவு.

பிரஷ். சேஸிஸ், சீட், டயர், பீடிங். இதற்கெல்லாம் பிரஷ் போதும். பளபளக்கும் வெளிபாடிக்கு வேண்டாம், கோடு தெரியும்.

ஸ்ப்ரே கேன். முதல் வண்டி செய்கிறவருக்கு இதுதான். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு அடித்தால் துளி நுணுக்கமாக வரும். கொதிநீர் ஆபத்து, அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது. ஹார்டுவேர் கடைக் கேனில் இருக்கும் தின்னர் பாலிஸ்டைரீனை அரிக்கலாம், தெர்மோகோலைக் கரைத்தேவிடும். வீணான துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பாடிக்குப் போக வேண்டும். எனாமல் பெயின்ட்டின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக்கொள்ளும், அந்த வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்த நிறங்கள்தான் கிடைக்கும் என்பதே இதன் பெரிய குறை. உங்கள் ஊர் பஸ்ஸின் சரியான நிறம் கேனில் இருக்காது.

ஏர்பிரஷ். காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூவும் சிறிய துப்பாக்கி. 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். ஸ்ப்ரே கேனைவிடப் பல மடங்கு மெல்லிய பூச்சு, எந்த நிறமும் கலந்துகொள்ளலாம். ஆட்டோ பெயின்ட் கடையில் நிஜ வண்டியின் நிறக் குறியீட்டைச் சொல்லி டச்-அப் பெயின்ட் கலந்து வாங்கி, தின்னர் விட்டு அடிக்கலாம். மெட்டாலிக் நிறத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நிஜக் காருக்கான மினுமினுப்புத் துகள் 0.02 மி.மீ. இருந்தாலே 1/24-இல் அரை மில்லிமீட்டர் சில்லாகத் தெரியும். மாடலுக்கென்று விற்கும் நுண்துகள் மெட்டாலிக் வாங்குவதுதான் சரி.

இதன் விலை துப்பாக்கியோடு முடியாது. கம்ப்ரஸர், கடலோர ஊரில் கட்டாயம் வேண்டிய ஈரம் பிரிக்கும் குடுவை, ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் கழுவும் தின்னர், கழுவும் நேரம். வருடத்துக்கு ஒரு வண்டி செய்கிறவர் இதில் பணம் போடத் தேவையில்லை. நண்பரிடம் இருந்தால் ஒரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.

பிரின்ட் எடுத்த ஸ்டிக்கர். தனியார் பஸ்களின் ஓவியம், எழுத்து, கோடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து வினைல் ஸ்டிக்கரில் எடுத்து ஒட்டுவது. அந்த அலங்காரத்தைக் கையால் எழுத எல்லோராலும் முடியாது என்பதால் பஸ் செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பாடி முழுவதையும் ஸ்டிக்கரால் மூடுவதை நான் ஏற்க மாட்டேன். மூலையில் இணைப்பு தெரியும், சில வருடங்களில் வினைல் சுருங்கி ஓரத்தில் பசைக் கோடு விடும், வெயில் படும் அலமாரியில் நிறம் வெளுக்கும். அடிநிறத்தைப் பெயின்ட்டில் கொடுத்துவிட்டு, எழுத்தையும் ஓவியத்தையும் மட்டும் தண்ணீரில் நழுவும் டெகாலில் எடுத்து ஒட்டினால் பெயின்ட் அடித்து எழுதியதுபோலவே இருக்கும். சாதாரண பிரின்டரால் வெள்ளை மை அடிக்க முடியாது. வெள்ளை எழுத்து வேண்டியவர்கள் வெள்ளை அடித்தாள் உள்ள டெகால் வாங்கி, சுற்றிலும் பஸ்ஸின் நிறத்தையே பிரின்ட் செய்ய வேண்டியிருக்கும். அந்த நிறம் பாடியோடு ஒத்துப்போக சோதனைத் துண்டுகள் சில செலவாகும்.

### மேல் கோட்

லாக்கர் கிளியர் சீக்கிரம் காயும், வாட்டர் பேப்பரும் ரப்பிங் காம்பவுண்டும் போட்டு நிஜக் கார்போலப் பாலிஷ் ஏற்றலாம். மழைநாளில் மட்டும் அடிக்கக் கூடாது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பூச்சு வெள்ளை பூத்துவிடும். காய்ந்த வெயில் நாளின் மதியம்தான் இதற்கு ஏற்ற நேரம். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் வாசனை இல்லாதது, வீட்டுக்குள் அடிக்கலாம், ஆனால் பளபளப்பு ஒரு படி குறைவு.

ஆட்டோ பெயின்ட் கடையில் ஹார்டனரோடு விற்கும் டூ-கே கிளியர் தரும் ஆழமான பளபளப்பு வேறு எதிலும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தனியாகக் காற்று வரும் முகமூடி போட்டு அடிக்க வேண்டிய பொருளைப் படுக்கையறையில் அடிக்கும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வேண்டுமென்றால் பாடியை ஒரு டிங்கரிங் பெயின்டிங் பட்டறையில் கொடுத்து, காரோடு காராக அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பளபளப்பு எவ்வளவு என்பதும் ஒரு தேர்வு. ஷோரூமில் நிற்கும் 1/24 காருக்கு முழுப் பளபளப்பு பொருந்தும். ரூட்டில் ஓடும் பஸ்ஸுக்குப் பாதிப் பளபளப்பு, பாவாடைப் பகுதிக்கு (பாடியின் கீழ் ஓரம்) மேட் போட்டு செம்மண் நிறப் பேஸ்டல் தூள். 1/76-க்குக் கீழே போனால் புது வண்டிக்கே பாதிப் பளபளப்பு போதும், 30 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டி கண்ணாடிபோல் மின்னுவதில்லை.

குரோம் பட்டைக்குச் சுருக்கமாக: நீளமான நேர்க்கோட்டுக்கு ஒட்டும் மெல்லிய ஃபாயில், ஹெட்லைட் வளையம் மாதிரிச் சின்ன உருண்டைக்கு மோலோட்டோ குரோம் பேனா. பேனாவின் மேல் கிளியர் அடித்தால் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும், அதனால் அது எல்லாவற்றுக்கும் கடைசி.

## எந்த வண்டிக்கு எது?

ஃபாரெக்ஸ் ஷீட்டில் 1/24 பஸ்: பக்கத்துக்குப் பைண்டிங் ஷீட் தனித்தனித் துண்டாக, முன்பக்கத்துக்கு பீடிங் பிரின்ட் செய்த லேசர் ஷீட். ஸ்ப்ரே கேனில் அடிநிறம், டெகாலில் எழுத்து, பாதிப் பளபளப்பு வார்னிஷ். வார்னிஷ் முழுதும் காய்ந்து வாசனை போனபிறகே கண்ணாடி உள்ளே போக வேண்டும். அதனால் கூரையைக் கழற்றும்படி செய்துவையுங்கள்.

1/43 அம்பாசடர்: முன் கண்ணாடி வளைந்தது, எனவே கிட்டின் பாகத்தை விளிம்பு தேய்த்துப் பாலிஷ். முக்கோணக் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை, கதவுக்கு ஓ.எச்.பி. ஷீட். மூன்று பொருள் ஒரே காரில் இருந்தால் பளபளப்பு வேறுபடும் என்று கவலைப்படுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அக்ரிலிக் வார்னிஷ் கொடுத்தால் வித்தியாசம் அடங்கிவிடும்.

ஜீப்புக்குக் கவர் ஸ்லிப். பாடிக்கு மேட் அல்லது பாதி மேட், கண்ணாடியில் வைப்பர் ஓடிய அரைவட்டத்தை மாஸ்க் செய்துவிட்டுத் தூசி நிறம் லேசாக அடியுங்கள். ஸ்லிப்பைப் பொருத்துவதற்கு முன்பே மேஜையில் படுக்கவைத்து இதைச் செய்துவிட்டால் பிசகினாலும் துடைத்து மறுபடி அடிக்கலாம்.

1/64 டைகாஸ்ட்டுக்குப் பழைய கண்ணாடியே பாலிஷ் போட்டு, பாடியின் தடி பெயின்ட்டை ரிமூவர் வைத்து முழுதாக எடுத்துவிட்டு ஏர்பிரஷில் புதிதாக. பழைய பெயின்ட்டின் மேலேயே அடித்தால் கதவுக் கோடுகள் மறைந்துபோகும்.

1/76, 1/87 பஸ்ஸில் தட்டையான கீழ்வரிசைக்கு மெல்லிய ஓ.எச்.பி. ஷீட், 5 மி.மீ.க்குள் அடங்கும் சின்ன ஜன்னலுக்குப் பசை. ஏர்பிரஷ் இரவலாவது வாங்குங்கள், இந்த அளவில் கேன் பெயின்ட் ரிவெட்டையும் பீடிங்கையும் மூடிவிடும்.